கட்டிலுக்கு அடியில் கிஃப்ட் பேப்பர்

பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் முட்டுக்காடு பாலம் தாண்டிவிட்டார்கள் என்று போன் வந்ததும், கேளம்பாக்கம் ஜோதிலட்சுமி வீட்டை ஒதுங்கவைக்க ஆரம்பித்தாள். மகள் தமிழ்ச்செல்வி பழைய வாழ்த்து அட்டையில் செய்த பூக்கூடை, கிஃப்ட் பேப்பர் தோரணம் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின.

"போன தடவ வந்தவங்க, பொண்ணு குப்ப பொறுக்குமான்னு கேட்டுட்டுப் போனாங்க. இன்னிக்காவது கைய வச்சிக்கினு சும்மா இருடி."

தமிழ்ச்செல்வி சும்மாதான் இருந்தாள், மாப்பிள்ளையின் அம்மா ஜிகினாப் பேப்பர் சுற்றி ரிப்பன் கட்டிய ஸ்வீட் டப்பாவைக் கையில் கொடுக்கும் வரை. உடனே ரிப்பனை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நகத்தால் டேப்பைக் கிளப்பி, துளியும் கிழியாமல் பேப்பரை உரித்து, நீவி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். டப்பாவிலிருந்த மைசூர்பாகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை மணி அவள் கையையே பார்த்தான். ஜோதிலட்சுமி மகளின் மடியை முந்தானையால் மறைக்கப் பார்த்தாள்.

"பொண்ணுகிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றான் மணி.

அவன் அம்மா அவன் தொடையைக் கிள்ளினாள். "வாய மூடிக்கினு இருடா."

"பேப்பர் நீங்களே வச்சிக்கோங்க. அந்த ரிப்பன மட்டும் நான் எடுத்துக்கட்டுமா? அதுல ரோஜா பண்ணலாம்."

அவன் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக் கட்டிலுக்கு அடியில இனிமே எடமில்லீங்க, சம்பந்தி."