இல்லாத ஃபோல்டர்

கண்ணெதிரே இருக்கிற பொருளை ஒருத்தன் இல்லவே இல்லைன்னு சாதிச்சா, உங்களுக்குத் தலை சுத்துமா சுத்தாதா?

ஸ்கேன் சென்டரில் தற்காலிக வேலையில் இருந்த அவளுக்குச் சுற்றியது. நோயாளிகளின் ஸ்கேன் ஃபோல்டர் கம்ப்யூட்டரில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. அவள் ஏவிய வேலையைச் செய்கிற ஏஐ ஏஜென்ட்டோ, 'அப்படி எதுவும் இங்கே இல்லை' என்கிறது.

"அக்கா, பைத்தியம் இதுக்கா, எனக்கா?"

பக்கத்து சீட் அக்கா வந்து செட்டிங்ஸைத் திறந்தாள்.

"அடிப்பாவி! உன் ஏஜென்ட் நம்ம சர்வர்லயே இல்லடி. அது போடுற கமாண்ட் எல்லாம் எங்கேயோ கிளவுட்ல ஒரு தனிப் பெட்டிக்குள்ள ஓடுது. எங்களுக்கெல்லாம் அப்படி இல்லையே!"

"நான் எதையும் மாத்தலையே?"

"நம்ம டீம் லீடர் மாத்தியிருக்காரு. காலையிலதான்."

லீடருக்கு ஆபீஸ் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி.

"நாளைக்கு உன்னை நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு மீட்டிங். இன்னிக்குப் பார்த்து உன்னைப் பெட்டியில போட்டிருக்காரு. புரியுதா?"

புரிந்தும் புரியாமலும் அவள் லீடர் அறைக்குப் பாய்ந்தாள்.

"சார், வீட்ல தவழுற என் பிள்ளையைத்தான் தடுப்புக்குள்ள விட்டுட்டு வர்றேன். இங்க என்னையும் தடுப்புக்குள்ள விடுவீங்களா?"

வெளியே எல்லாத் தலையும் நிமிர்ந்தது.

"கதவைச் சாத்தும்மா."

சாத்தினாள். அவர் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் அவள் ஏஜென்ட்டின் பெட்டி காலியாக இருந்தது.

"ஒரே ஸ்கேன் ரெண்டு இருந்தா ஒண்ணை அழின்னு சொல்லணும். நீ ரெண்டையும் அழின்னு சொல்லியிருக்கே. அது சொல்பேச்சு தட்டாத பிள்ளை. எல்லா ஸ்கேனும் ரெண்டு ரெண்டா இருந்ததால, மொத்தத்தையும் வழிச்சுத் துடைச்சிட்டு, இப்ப இல்லைங்குது."

"ஐயோ... என் கம்ப்யூட்டர்ல தெரியுதே, அது?"

"அது சர்வர்ல இருக்கிற நிஜம். பத்திரமா இருக்கு. பெட்டியில போனது நான் எடுத்து வச்ச நகல்."

"எப்படி சார் முன்னாடியே...?"

"பிள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்க நான் கண்ணே மூடலைன்னு காலையில யார்கிட்டயோ சொன்னே. காதுல விழுந்துது. தூக்கமில்லாத கை இன்னிக்கு ஒரு நாள் பெட்டிக்குள்ள இருக்கட்டும்னு மாத்தினேன். உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா மனசு கோணுவியோன்னு விட்டுட்டேன்."

"நாளைக்கு மீட்டிங்ல இது..."

அவர் ஒரு பட்டனைத் தட்டினார். பெட்டியே மறைந்துபோனது.

"எது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி கிளம்பினாள்.

"இந்தாம்மா, சிரிச்சுக்கிட்டே போகாதே. என்ன ஏதுன்னு துருவுவாங்க. உள்ள வந்த கோபத்தோடயே, அந்தக் கதவைப் படார்னு அடிச்சுச் சாத்திட்டுப் போயேன்."