எட்டு மணி நேரப் பாடம்

மார்லா ஹெட்ரிக் கைத்துப்பாக்கியை லைல் ஸ்டம்போவின் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். அவர் அசையவில்லை. கையிலிருந்த காப்பிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"விரல் எங்கம்மா இருக்கு?" என்றார்.

அவள் பார்த்துவிட்டு, விசையிலிருந்து விரலை எடுத்துப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாள். நீல பிளாஸ்டிக்கில் செய்த பயிற்சித் துப்பாக்கிதான். ஆனாலும் அதை யார் மேலும் நீட்டக் கூடாது என்றார் லைல். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை. முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில் முப்பது மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தன. உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான். ஒரு காலத்தில் இந்த வகுப்பில் இடம் பிடிக்க அடிதடி. துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக உரிமம் வேண்டும், உரிமத்துக்கு எட்டு மணி நேர வகுப்பு முடித்த சான்றிதழ் வேண்டும், சான்றிதழில் லைலின் கையெழுத்து வேண்டும். ஊரில் ஷெரீஃபுக்கு அடுத்த மரியாதை அவருக்குத்தான்.

அதில் ஒஹாயோ மாநிலச் சட்டசபை மண்ணை அள்ளிப் போட்டது. இருபத்தொரு வயது ஆனால் போதும், உரிமமும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம் என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது உரிமம் கேட்கிற வெளிமாநிலங்களுக்குப் போகிறவர்கள் யாராவது விருப்பப்பட்டு வந்தால்தான் உண்டு.

"காலையில கடையில வாங்குறான், மத்தியானம் இடுப்புல செருகிக்கிட்டுப் பால் வாங்க வர்றான்," என்று பொருமினார் லைல். "முடி வெட்டுறவனுக்கு லைசென்ஸ் கேக்குறாங்க, இதுக்குக் கேக்க மாட்டாங்களாம். எவன் கையில அது என்ன ஆகும்னு ஒருத்தனுக்கும் கவலை இல்லை."

"உங்களுக்கு இருக்கு," என்றாள் மார்லா.

"எனக்கு இருக்கும்மா." அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்று அவருக்கு மனசு நிறைந்துபோனது.

அவருக்கு மிச்சமிருந்த நம்பிக்கை வருகிற வியாழக்கிழமைதான். பயிற்சியை மறுபடி கட்டாயமாக்க ஒரு மசோதா வந்திருந்தது. அன்றைக்குத் தலைநகர் கொலம்பஸில் சட்டசபைக் குழுவின் முன் பொதுமக்கள் பேசலாம். பழைய மாணவர் ஒருவர் எழுந்து நின்று, இந்த வகுப்பின் அருமை இன்னது என்று சொன்னால் காற்று திரும்பும். நூறு பேருக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டார், ஒருவரும் பிடி கொடுக்கவில்லை. இதுவும் தோற்றால் வகுப்புக்கு மூடுவிழாதான்.

பன்னிரண்டு மணிக்கு அவர் சான்றிதழ்த் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"போதும்மா. மிச்சத்தைப் புத்தகத்தைப் பார்த்துப் படிச்சுக்குங்க. எட்டு மணி நேரம்னு நான் எழுதிடறேன். இங்க எப்பவும் அப்படித்தான். மான் வேட்டைக்குக் கிளம்பி நிக்கிற ஆளுங்களை எவ்வளவு நேரம் பிடிச்சு வைக்கிறது?"

"இல்லை, நான் முழுசும் இருந்துட்டுப் போறேன்."

இருபது வருஷத்தில் இப்படிச் சொன்ன முதல் ஆள். லைல் தன் ஹாம் சாண்ட்விச்சில் பாதியை அவளுக்குக் கொடுத்தார். அவள் நன்றி சொல்லி வாங்கி வைத்தாள், சாப்பிடவில்லை.

மதியம் துப்பாக்கியைத் துடைத்துப் பாதுகாக்கும் பாடம். அதை நடத்தி வெகு நாளானதால் லைல் புத்தகத்தைப் பார்த்துத்தான் நடத்தினார்.

"குண்டு அடைச்சிருக்கிற மேகஸினை உருவிட்டா துப்பாக்கி காலின்னு நெனைக்கிறதுதான் பெரிய தப்பு. உள்ள ஒரு குண்டு உட்கார்ந்திருக்கும். இழுத்துத் திறந்து கண்ணால பாக்கணும், விரலை விட்டும் பாக்கணும்."

"இதை எல்லாருக்கும் சொல்லித் தர்றீங்களா?"

"பாடத்திட்டத்துல இருக்கே."

அவள் அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

பிறகு கொல்லைப்பக்க மண்மேட்டில் சுட்டுப் பழகினார்கள். அவளிடம் சொந்தமாகத் துப்பாக்கி இல்லை, லைலுடையதைத்தான் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வெடிக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. இருந்தாலும் இரண்டு மணி நேரமும் விடவில்லை.

ஐந்து மணிக்குச் சான்றிதழை நீட்டியபோது லைல் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்களை மாதிரி ஒருத்தர் வியாழக்கிழமை கொலம்பஸுக்கு வந்து பேசினா நல்லா இருக்கும்."

"வர்றேன். போன வாரமே பேர் கொடுத்துட்டேன்."

லைல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருஷக் கசப்பும் ஒரே நொடியில் இறங்கியது போல இருந்தது.

"என்னம்மா சொல்லப் போறீங்க?"

"எட்டு மணி நேரத்துல என்னென்ன சொல்லித் தரணும்னு, ஒண்ணு விடாம. முழுசாத் தெரிஞ்சுக்காம பேசக்கூடாதுன்னுதான் இன்னைக்கு வந்தேன்."

"அதைச் சொன்னாலே போதும்மா."

"அதுல ஒண்ணுகூடத் தெரியாத ஒருத்தனுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையும் சொல்லணும்." அவள் குரல் ஏறவே இல்லை. "என் பக்கத்து வீட்டுக்காரன். மேகஸினை உருவிட்டுத் துடைச்சுக்கிட்டு இருந்திருக்கான், வெடிச்சிடுச்சு."

லைல் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அவனுக்கு அடி பலமா?"

"அவனுக்கு ஒண்ணும் இல்லை," என்றாள் மார்லா. "சுவருக்கு இந்தப் பக்கம் என் பையன் படுத்திருந்தான்."