சாஃப்ட்வேரின் நெற்றி

ஆயுத பூஜையன்று, டைப்பிங் கடை செண்பகவல்லி கீபோர்டைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தாள். கீபோர்டுக்குக் கூச்சமாகிவிட்டது.

போன வாரம் தமிழ் சாஃப்ட்வேர் அழிந்துபோயிருந்தது. அவள் ‘அம்மா’ என்று அடித்தால், திரையில் ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தன. “கீபோர்டு போச்சு, தூக்கிப் போட்டுடலாம்” என்றே சொல்லிவிட்டாள். சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றிய பிறகுதான் கீபோர்டுக்கு உயிர் வந்தது.

“அண்ணே, என் உடம்புல ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. எல்லாம் உங்க தயவு. இந்தப் பொட்டு உங்களுக்குத்தான் சேரணும். உங்க நெத்தி எங்க இருக்கு?” என்றது கீபோர்டு.

சாஃப்ட்வேர் சிரித்தது.

“எனக்கு ஏதுப்பா நெத்தி? அந்தம்மா விரல் என்னைத் தொடுற ஒரே இடம் நீதான். சரியான இடத்துலதான் வச்சிருக்காங்க.”