சிம்னிக்குக் கீழே

பதினேழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.

சம்மட்டி செங்கல்லில் விழும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டான். காண்ட்ராக்டர் பொன்னுரங்கம் அவனுக்குத் தர வேண்டிய கூலி. நான்கு மாதத்துப் பாக்கி.

கேட்டால் நாளைக்கு என்பார். நாளைக்குக் கேட்டால், நான் என்ன ஊரைவிட்டா ஓடிப்போறேன் என்பார்.

வாடகை நின்றதும் வீட்டுக்காரர் வந்தார். கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டு நாளாயிற்று. கோத்தகிரிக் குளிரில், கதவு இருந்த இடத்தில் சாக்கு தொங்குகிறது. பெண்டாட்டி வாசலுக்குக் குறுக்கே படுக்கிறாள்.

அடித்தான்.

வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. தங்கும் விடுதியாக மாறப்போகிறது. கீழே கூடத்தில் குளிர்காய ஒரு கணப்பு. அதற்கு மேலே, சுவரை விட்டு ஒன்றரை அடி முன்னால் துருத்திக்கொண்டு, மாடி அறையைத் தாண்டி, கூரையையும் தாண்டிப் போகிறது சிம்னிக் கட்டு.

அதை என்ன செய்வதென்று பங்களா முதலாளி வீட்டில் மூன்று வாரம் பேச்சு. முதலாளி இடி என்றார். அந்தம்மா இருக்கட்டும், மேலே பூச்சாடி வைக்கலாம் என்றார். பலகை அடித்து மூடலாமா என்று ஒரு யோசனை. கடைசியில் கூடத்தில் இருப்பதை மட்டும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அங்கே டிவி வரும். மாடியில் இருப்பது நிற்கட்டும். அதற்குப் பெயின்ட் அடித்தாயிற்று.

அப்படியானால் மாடியில் இருப்பது எதன் மேல் நிற்கும்?

யாரும் கேட்கவில்லை. அவன் கேட்டான். மேலே இருப்பது இரண்டு லாரி கனம். மேலிருந்துதான் இடித்துக்கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் நடுவில் தாங்க இரும்பு கர்டர் கொடுக்க வேண்டும் என்றான்.

கர்டருக்கான பணத்தைப் பொன்னுரங்கம் முதலாளியிடம் வாங்கியாகிவிட்டது. கர்டர் வரவில்லை. முட்டுக்கொடுக்க இரண்டு இரும்பு ஜாக்கி வந்தது. காலையில் அதில் ஒன்றையும் வேறு வேலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒற்றை ஜாக்கி நின்றது.

மூன்று வரிசை எடுத்ததும் அவன் நிறுத்தினான். சம்மட்டியைச் சுவரில் சாய்த்தான். இனித் தொட மாட்டேன் என்றான்.

பொன்னுரங்கம் வந்தார். சம்மட்டியை எடுத்தார். அதன் பிடியால் அவன் நெஞ்சில் ஒரு குத்து.

சித்தாள் தெய்வானை பாண்டுச் சட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நூறு வருசமா நிக்குது. உன்ற மூஞ்சியப் பார்த்ததும் விழுந்துருமா?”

இன்னொரு குத்து. அதே இடத்தில்.

வேலை முடியாமல் பாக்கியில் ஒரு பைசா கிடையாது என்றார். சம்மட்டியை அவன் கையில் திணித்தார். நேரே போய்க் கணப்புக் குழிக்குள் நின்றுகொண்டார். முதுகைச் சாய்த்தார். சிரித்தார்.

“நான் நிக்கறேன்டா. இப்ப அடி.”

அவன் அடிக்கவில்லை.

அடிக்காமலே வந்தது.

பழைய சுண்ணாம்பு. சலித்த மாவு போல, பொன்னுரங்கத்தின் தோளில் ஒரு கோடாக இறங்கியது. அவர் பார்க்கவில்லை. தெய்வானையும் பார்க்கவில்லை.

ஜாக்கி ஒரு விரல் அளவு சாய்ந்தது.

ஒரு மூச்சு நேரம் அவன் சும்மா நின்றான்.

பிறகு அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தான். இடுப்பில் காலை வைத்து உதைத்தான்.

பொன்னுரங்கம் கூடத்தின் நடுவில் போய் விழுந்தார்.

மாடிச் சிம்னி இறங்கியது.

சத்தம் முதலில் பாதத்தில்தான் தெரிந்தது. பிறகு கூடம் இல்லை. சன்னல் இல்லை. தன் கையே தனக்குத் தெரியவில்லை. நூறு வருசத்துக் கரி மொத்தமும் வாய்க்குள் வந்தது. தெய்வானை எங்கோ அலறினாள்.

தடவிக்கொண்டே போனான். கையில் ஒரு சட்டை பட்டது. உள்ளே உடம்பு இருமியது.

உயிர் இருக்கிறது. நல்லது என்று நினைத்தான்.

விலாவில் உதைத்தான்.

மேலே விழுவதற்கு இனி ஒன்றும் இல்லை. அது அவனுக்குத் தெரியும். இன்னொன்று உதைத்தான். குதிகாலால் ஒன்று. ஏதோ நெரிந்தது. தனக்கு மூச்சு முட்டுகிற வரைக்கும் உதைத்தான். எத்தனை என்று எண்ணவில்லை.

புழுதி அடங்க வெகு நேரம் பிடித்தது.

அடங்கியபோது அவன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். கணப்பு இருந்த இடத்தில் ஆள் உயரச் செங்கல் மேடு. மேல்தளத்தில் விழுந்த ஓட்டை வழியே மாடியின் புதுப் பெயின்ட் தெரிந்தது. நல்ல ரோஸ் நிறம்.

பொன்னுரங்கம் எழப் பார்த்தார். முடியவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு, தான் நின்ற இடத்தையே பார்த்தார். செங்கல் நல்லா அடிச்சுருச்சு என்று தெய்வானையிடம் சொன்னார். அவள் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு மடக்கு குடித்தார். அழ ஆரம்பித்தார்.

அழுதுகொண்டே அவனைக் கிட்டே கூப்பிட்டார். உள்பைக்குள் கைவிட்டு ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்றை எடுத்தார். காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது.

எண்ணிப் பார்க்காமல் அப்படியே நீட்டினார்.

“புடிடா. மொத்தமும் இருக்குது. உசுரக் குடுத்த சாமிடா நீ.”



அவன் நோட்டுகளைப் பார்த்தான். குனிந்து தன் காலைப் பார்த்தான். செருப்பு ரப்பரின் ஓரத்தில் ஒரு சட்டைப் பொத்தான் பதிந்திருந்தது.

“வேண்டாங்ணா,” என்றான். “வாங்கிட்டேன்.”