இணைக் கண்ணாடி

ஜெசிந்தா கண்ணாடித் துண்டுகளை உலையில் உருக்கி ஒட்டி ஓவியம் செய்பவள். ஒன்றாய் உருக்கிய இரண்டு ஓவியங்களில் ஒன்றைத் தொட்டால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மற்றது நிறம் மாறும். நிலவுச் சுரங்க வேலைக்குப் போன கணவன் ஆரோனிடம் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

அவன் அங்கே விபத்தில் இறந்த பிறகு அவளுடைய கண்ணாடி நீலமாகவே கிடந்தது. ஒரு மாலை அது திடீரென்று செம்மஞ்சளானது. பதறிப்போய்ச் சுரங்கத்தை அழைத்தாள். ஆரோனின் அறைக்குப் புதிதாக வந்திருந்த திரவியம் பேசினான்.

"மன்னிச்சிருங்கக்கா. செவுத்துல மாட்டியிருந்துச்சு, அழகா இருக்கவும் தொட்டுட்டேன். கழட்டி அனுப்பிரவா?"

அன்று அவள் வேறு யாரோடும் பேசியிருக்கவில்லை.

"வேண்டாம் தம்பி, அங்கயே இருக்கட்டும்" என்றாள். "அப்பப்ப தொடுங்க."