அப்பா வாரத்து ஒலிப்பதிவு

கண்ணுகளா, நம் வட்டார வானொலியில் இந்த வாரம் அப்பாக்களின் கதை என்று சொல்லியிருந்தேன் அல்லவா? ஒரு பஸ் டிரைவர் மனைவியோடு வந்தார். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைக் கடைசிவரை தானே குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டதாக மைக்கில் சொன்னார். எனக்கே கண் கலங்கிவிட்டது. மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

பதிவறைக் கதவைத் திறந்துவைத்துப் பதிவைப் போட்டுக் கேட்டோம். அவர் பேச்சுக்கு நடுவே ஒரு கிழவரின் குரல்: "மருமகளே, கொஞ்சம் தண்ணி."

"உள்ள வேற யாருப்பா இருந்தாங்க?" என்றேன்.

"யாருமில்லம்மா. அது எங்கப்பா குரல். அழிச்சிடுங்க, மானம் போகுது." டிரைவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அழித்தேன். அவர் பேசியதெல்லாம் போய்விட்டது. அந்தக் குரல் மட்டும் போகவில்லை. "மருமகளே..."

"இதோ வந்துட்டேன் மாமா!"

பழக்கதோஷம். மனைவி டம்ளரோடு உள்ளே வந்து நின்றாள். டிரைவர் கூசிக்கொண்டே கையை நீட்டினார்.

"விடுங்க. உங்க கையால என்னைக்குக் குடிச்சாரு?"

காலி நாற்காலிப் பக்கமாக டம்ளரைச் சாய்த்துப் பிடித்தாள். டிரைவர் நிமிரவே இல்லை. தண்ணீர் மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.