பிரசவமே நடக்காத தாலுகா

எந்த அரசு ஆஸ்பத்திரியில் எந்த வார்டு இருக்க வேண்டும் என்பதை இப்போது கணிப்பான் என்ற கணினி நிரல்தான் முடிவுசெய்கிறது. இந்தத் தாலுகாவில் இனிப் பிரசவமே இருக்காது என்று அது சொல்லிவிட்டது. கல்யாணமான இளம் பெண்கள் அத்தனை பேருக்கும் கணவன் வேலை பார்க்கும் மில் நகரத்து முகவரி. பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர், மகப்பேறு டாக்டர்கள் எல்லாமே அங்கே போய்விட்டன. கண்காணிப்பாளர் டாக்டர் கோமளவல்லி மறுபேச்சில்லாமல் ஒப்புதல் கொடுத்திருந்தார்.

இன்று காலை வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஒரு பெண் வலியில் துடித்தாள். கை நிறைய வளைகாப்பு வளையல்கள்.

"மில் டவுன்லதானே வீடு? அங்கேயே இருந்திருக்கலாமே!" என்று பதறினார் டாக்டர்.

பெண்ணின் தாய் சிட்டம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தலைப்பிரசவம்மா. பொறந்த வீட்டுக்கு வராம வேற எங்க போவா? நீங்க எங்க இருந்து பெத்தீங்க?"

கோமளவல்லியும் அம்மா வீட்டிலிருந்துதான் பெற்றார். ஒப்புதல் கொடுத்த அன்று அது ஞாபகத்துக்கே வரவில்லை.

குழந்தை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் செய்ய ஆளில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி மில் நகரத்துக்கு அனுப்பினார். பாதி வழியில் வண்டி திரும்பிவிட்டது. சிட்டம்மாள் மட்டும் இறங்கினாள். மகளும் உயிரோடு இல்லை, பிள்ளையும் இல்லை.

மாலையில் டாக்டரின் திரையில் கணிப்பானின் செய்தி வந்தது:

'இந்த மாதமும் உங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவம் எதுவும் நடக்கவில்லை. கணிப்பு சரி.'